நிறம் திரும்பிய வருடம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? முட்டிவலி, சர்க்கரை, கொலஸ்டிரால். யாருக்கு எந்த மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா. போன வாரம் பொங்கோல் காப்பிக்கடையில் நம்மில் ஒருத்தி, இந்த வயதில் மாத்திரை விழுங்கும்படி ஆகிவிட்டதே என்று காப்பி ஆறும்வரை புலம்பினாள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். அம்மா தாயே, மாத்திரை விஷயத்தில் நான் உங்கள் எல்லாருக்கும் மூத்தவள். நீங்கள் அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்த வயதிலேயே நான் தினமும் விழுங்க ஆரம்பித்துவிட்டேன். அந்தக் கதையை முழுசாக உங்களுக்குச் சொன்னதில்லை. அழுகைக் கதை என்று நினைத்து மூக்கைத் துடைக்கத் துணி எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் அந்த வருடம் சிரித்த சிரிப்பை வேறு எந்த வருடமும் சிரிக்கவில்லை.

மலேசியா உருவாவதற்குச் சற்று முன்னால் நடந்தது. எனக்குப் பதினான்கு வயது. இப்போது லிட்டில் இந்தியா என்று பலகை மாட்டியிருக்கிற இடம் நமக்கு என்றைக்கும் தேக்காதான். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா பால்காரர். மாடுகள் போத்தோங் பாசிரில் ஒரு கொட்டகையில் நின்றன. சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன் தொங்க அப்பா காலையில் வந்து இறங்குவார். கடைவீட்டுக்கு முன்னால் கூரைபோட்ட நடைபாதை உண்டே, அஞ்சடி, அங்கே ஒரு பெஞ்சைப் போட்டு அம்மா பால் ஊற்றுவாள். பக்கத்து வீட்டில் மசாலா அரைக்கும் மில். அங்கிருந்து மிளகாய்த்தூள் நெடி பறந்து வரும். எங்கள் வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் தும்மிக்கொண்டே பால் வாங்கினார்கள்.

என் தோலில் முதல் வெள்ளை வந்தது முழங்கையில். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. பிறகு முழங்கால், விரல் நுனி, உதட்டோரம். இன்றைய டாக்டர்கள் வெண்புள்ளி என்று நாசூக்காகச் சொல்கிறார்கள். அன்றைக்கு நாசூக்கு எல்லாம் கிடையாது, வெண்குஷ்டம் என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். வலிக்காது, அரிக்காது, யாருக்கும் ஒட்டாது. முழங்காலில் வரைபடம் போல இருந்ததைப் பார்த்து இது ஜோகூர், இது பினாங்கு என்று நானே பேர் வைத்திருந்தேன். எனக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவு பாலுக்குத்தான் வந்தது.

ஒருநாள் நான் அம்மாவுக்குப் பதிலாக அளந்து ஊற்றினேன். வாங்க வந்தவர் ஒரு போலீஸ்காரர் மனைவி. என் விரல்களைப் பார்த்தார், தூக்குச்சட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அவரைப் பார்த்து இன்னும் சிலர் பால் வாங்குவதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பால் ஊற்றும் நேரத்தில் நான் உள்ளே இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. அம்மா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பாட்டில் கழுவு, வெங்காயம் உரி என்று உள்வேலையாகக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அம்மாவுக்கு அதில் இன்னொரு வேதனை. மீனும் பாலும் சேர்ந்து வயிற்றுக்குள் போனால் தோல் வெளுக்கும் என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். நான் சின்னக் குழந்தையாக இருந்தபோது, மீன்குழம்புச் சோறு தின்றுவிட்டு அழுதேனாம். அழுகையை நிறுத்த அம்மா ஒரு டம்ளர் பால் கொடுத்தாளாம். அதனால்தான் வந்தது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அப்பாவை வளர்த்து ஆளாக்கியவள், ஒரே ஒரு தடவை கேட்டாள், பால்காரன் பெண்டாட்டிக்கே இது தெரியாதா என்று. அந்த ஒரு தடவை அம்மாவுக்கு ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது.

அத்தைதான் கப்பல் பேச்சை எடுத்தாள். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் மாமா ஒருவர் இருந்தார். அங்கே தோலுக்கு மருந்து கொடுக்கும் குடும்பம் ஒன்று உண்டாம். கொண்டுபோய் விட்டால் மருந்துக்கு மருந்தும் ஆச்சு, நாளைக்கு வெள்ளையைப் பெரிதாக நினைக்காத ஒரு பையனும் அந்தப் பக்கமே கிடைப்பான். தை பிறப்பதற்குள் இங்கே குணமாகாவிட்டால் கப்பல் என்று முடிவானது. என்னை யாரும் கேட்கவில்லை. நான் பெண்கள் பள்ளியில் சயன்ஸில் முதல் மார்க். வலைப்பந்தில் கோல் போடுகிறவள். மாமா முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. கப்பல் என்ற சொல் காதில் விழுந்தாலே நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

ஆகவே வைத்தியர் சொன்னதையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்தேன். அவர் கடை இரண்டு சந்து தள்ளி இருந்தது, நல்ல மனிதர், பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். கார்போகரிசி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ஒரு குப்பி, உள்ளுக்குச் சாப்பிட ஒரு லேகியம். எண்ணெயை வெள்ளையில் தடவி இளவெயிலில் உட்கார வேண்டும். எங்கள் வீட்டின் பின்சந்தில் ஒரு முக்காலியைப் போட்டு, பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அத்தை காவலாக நிற்க நான் காய்வேன். பின்சந்தில் கோழிகளும் உப்புக்கண்டமும் என்னோடு காய்ந்தன. எண்ணெய் பட்ட இடம் எரியும், சில சமயம் கொப்புளம் போடும். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். பத்தியம் வேறு. மீன் கூடாது, புளி கூடாது, கத்திரிக்காய் கூடாது. தேக்கா பசாரில் பளபளவென்று இருக்கும் வெங்கணை மீனைப் பார்த்துக்கொண்டே நான் கீரைக்கட்டோடு திரும்பி வருவேன்.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் ஒருநாள் அத்தை என் முழங்கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் என்னை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். வெள்ளை வெள்ளையாக இல்லை. இளமஞ்சளாக, சந்தன நிறமாக மாறியிருந்தது. முழங்காலிலும் அப்படியே. உதட்டோரத்திலும்.

"நெறம் ஏறுதுடி. பாரு, அடியிலேர்ந்து ஏறி வருது" என்றாள் அத்தை.

 அம்மா தரையில் உட்கார்ந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது கப்பல்தான், இனி கிடையாது என்ற நினைப்பில் நான் குதித்தேன். பிற்காலத்தில் புத்தகத்தில் படித்தேன், உண்மையாகவே நிறம் திரும்பினால் மயிர்க்கால்களைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகப் பழுப்பாகத்தான் வருமாம், சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வராதாம். எங்களுக்கு அது எங்கே தெரியும்? அப்பா வைத்தியருக்கு வேட்டி துண்டு வைத்து, பழத்தட்டோடு போய் மரியாதை செய்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாம் முருகன் செயல் என்றார். அம்மா பால்கோவா கிண்டி மில் வீடுவரைக்கும் கொடுத்தாள்.

மாமாவுக்கு ஆதாரம் அனுப்ப வேண்டும் என்று அத்தை சொன்னதால் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனோம். கறுப்பு வெள்ளையில் எடுத்து, பிறகு தூரிகையால் வண்ணம் தீட்டிக் கொடுப்பார்கள். ஸ்டூடியோக்காரர் என்ன நிறம் போடட்டும் என்று கேட்டார். மாநிறத்துக்கு ஒரு சுற்று மேலே போடுங்கள் என்று அத்தை கூசாமல் சொன்னாள். படத்தில் நான் ரோஸ் கன்னமும் சிவந்த உதடுமாகக் காலண்டர் லட்சுமி போல் இருந்தேன். அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டினார்.

அந்தச் சந்தோஷத்தில் மற்றதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. நான் எந்நேரமும் தூங்கினேன். வலைப்பந்தில் பாதி ஆட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மணிக்கட்டும் முட்டியும் வலித்தன. சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனது. கண் மஞ்சளாக இருக்கிறதே என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே பதில், சூடு. மருந்து உள்ளே வேலை செய்கிற சூடு. இளநீர் குடி, நல்லெண்ணெய் தேய்த்துக் குளி. மாதவிலக்கும் நின்றிருந்தது. அதை மட்டும் அம்மா அத்தையிடம்கூடச் சொல்லாமல் தனக்குள் வைத்துக்கொண்டு பயந்தாள். அதுவும் சூடுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பாள், பாவம்.

பள்ளிக்கூடத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரு டாக்டரம்மா வந்து எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பார்ப்பார். பல், தலைப்பேன், காது. சீனர், குட்டையாக, கறாராக இருப்பார். என் முறை வந்தது. கீழ் இமையை இழுத்தார். மறு இமையை இழுத்தார். என் கையை எடுத்து முழங்கையைப் பார்த்தார். எவ்வளவு நாளாக இப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கலர் திரும்பி வந்துகொண்டிருக்கிறது டாக்டர், இன்னும் கொஞ்ச நாளில் முழுசாகச் சரியாகிவிடும் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெஞ்சில் படுக்கச் சொல்லி வலது விலாவுக்குக் கீழே அழுத்தினார். எனக்குப் பின்னால் நின்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஆளனுப்பி அப்பாவை வரச் சொன்னார்.

அப்பா பால் சைக்கிளிலேயே வந்தார். டாக்டரம்மா சொன்னதைக் கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. வெள்ளைத் தோலுக்குச் சொந்த நிறம் கிடையாது, அதனால் காமாலையின் மஞ்சள் அங்கேதான் முதலில் தெரிந்திருக்கிறது. ஏறியது நிறமில்லை, பித்தம். ஈரல் கெட்டிருக்கிறது, உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து அலமாரிக்குள் கவிழ்த்து வைத்தார். எண்ணெயையும் லேகியத்தையும் சாக்கடையில் கொட்டினார்.

ஆனால் உடனே சேர்க்கவில்லை. அதுதான் நம் ஆட்கள். காமாலைக்குப் போய் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா? ரேஸ்கோர்ஸ் சாலையோரம் அத்தை குனிந்து குனிந்து கீழாநெல்லி பறித்து வந்தாள். அரைத்து மோரில் கலக்கி, வெறும் வயிற்றில், உப்பில்லாமல் எண்ணெயில்லாமல். சாதாரணக் காமாலையாக இருந்திருந்தால் தானாகவே இறங்கியிருக்கும், கீழாநெல்லிக்கும் பேர் கிடைத்திருக்கும். என்னுடையது ஏறிக்கொண்டே போனது. கால் வீங்கியது. ஒருநாள் மத்தியானம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, நிற்கவே இல்லை. அம்மாவின் முந்தானை நனைந்து, துண்டு நனைந்து, கடைசியில் மில்காரர் தன் வேனில் எங்களை ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினார். வேன் முழுக்க மல்லித்தூள் வாசம். இன்றைக்கும் மல்லி வறுத்தால் என் கை தானாக மூக்கைத் தொடும்.

வார்டு எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? உயரமான கூரை, பெரிய மின்விசிறி, வெள்ளை விரிப்பு. பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய் அக்கா, எந்நேரமும் பின்னல் வேலை. அங்கே யாரும் என் விரல்களைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட தமிழ் நர்ஸ் ஒருவர், மிஸ்ஸி என்றுதானே கூப்பிடுவோம், எனக்குத் தலை பின்னிவிட்டார். ஒருநாள் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி விலாவில் ஊசியைச் செலுத்தி, ஈரலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். அப்புறம் பெரிய டாக்டர், நெட்டையான வெள்ளைக்காரர், அப்பா அம்மா அத்தை மூவரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி விளக்கினார். மிஸ்ஸி தமிழில் சொன்னார்.

முதலில் எண்ணெயையும் லேகியத்தையும்தான் சந்தேகப்பட்டார்களாம். அவை ஈரலுக்கு நல்லதல்லவாம். ஆனால் நிறுத்தி இத்தனை நாளாகியும் காமாலை ஏறுகிறதே, அதனால் விஷயம் வேறு என்றார் டாக்டர். இந்த வயதுப் பிள்ளைகள் சிலருக்கு, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, இப்படி வருகிறது, ஏனென்று எங்களுக்கே இன்னும் சரியாகத் தெரியாது என்றும் ஒப்புக்கொண்டார். மிஸ்ஸி என் பக்கம் திரும்பி, "ஒன் ஒடம்பே ஒன் ஈரல வேத்தாள்னு நெனச்சு அடிக்குதாம். தோல்ல நெறத்த அழிச்சதும் அதே மாதிரி ஒரு சண்டையா இருக்கலாம்ங்கறார்" என்றார்.

அப்போது அம்மா முன்னால் வந்தாள். டாக்டர்களிடம் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை.

"மிஸ்ஸி, அவர்ட்ட ஒண்ணு கேளுங்க. இவ சின்னப் புள்ளையா இருக்கறப்ப மீன் சோறு தின்னுட்டு அழுதா. நான் பால் குடுத்துட்டேன். அதுனாலயா?"

மிஸ்ஸி சொன்னார். டாக்டர் முகத்தில் சிரிப்பு வரவில்லை, அதற்காக அந்த மனிதரை நான் இன்றைக்கும் கும்பிடுவேன். நிதானமாகப் பதில் சொன்னார். எங்கள் நாட்டில் மீனைப் பாலில் போட்டே வேகவைப்பார்கள், வாரம் தவறாமல் என் அம்மா அப்படித்தான் செய்து கொடுத்தார், நானும் என் தம்பி தங்கைகளும் அதைத் தின்றுதான் வளர்ந்தோம் என்றார். மிஸ்ஸி அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அத்தை டாக்டரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அம்மாவின் காதோரம் குனிந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "அதான் குடும்பமே மொத்தமா வெளுத்துப் போயிருக்கு" என்றாள்.

மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். அம்மா சிரித்தாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. எத்தனை வருடமாக நெஞ்சில் சுமந்த பால் டம்ளரோ, அன்றைக்குத்தான் இறக்கி வைத்தாள். டாக்டர் என்னவென்று கேட்டார். மிஸ்ஸி சொல்லவே இல்லை.

ஆனால் கப்பல் பேச்சு அங்கேயும் வந்தது. புதிதாக ஒரு மாத்திரை இருக்கிறது, அதைத் தினமும் கொடுக்க வேண்டும், நடுவில் நிறுத்தவே கூடாது என்றார் டாக்டர். முகம் ஊதும், உடம்பு கனக்கும். அது கேட்டால் பிழைத்துக்கொள்வாள், கேட்காவிட்டால் எங்களிடம் வேறு மருந்து இல்லை. அவர் நகர்ந்ததும் அத்தை அப்பாவின் கையைப் பிடித்தாள். இங்கிலீஷ் மருந்து சூடு, ஈரல் வெந்த பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாமா, அடுத்த கப்பலில் ஊருக்குக் கொண்டுபோய்விடலாம் தம்பி, என் பேச்சைக் கேள் என்றாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா பேச்சை அவர் தட்டியதே கிடையாது. கட்டிலில் படுத்தபடி நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல் வேண்டாம் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

"அண்ணி, இவ எங்கயும் போகல" என்றாள் அம்மா. "நெறம் வேணும் நெறம் வேணும்னு கெடந்து, புள்ள மஞ்சளா போறதப் பாத்துப் பால்கோவா கிண்டுனவ நானு. எனக்கு நெறமே வேணாம். புள்ள இருந்தாப் போதும்."

அத்தை அப்பாவின் கையை விட்டாள். அப்பா போய் மிஸ்ஸியைக் கூப்பிட்டார். முதல் மாத்திரையை அன்று சாயங்காலமே விழுங்கினேன். நாக்கில் ஒட்டிக்கொண்டு அப்படி ஒரு கசப்பு.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மாவுக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணின் மஞ்சள் குறைவதை நீங்கள் கண்டுபிடிப்பது சிரமம், இவள் உடம்பில் வெள்ளை இருக்கிறதே, அதைப் பாருங்கள், அது எப்போது பழையபடி வெள்ளையாகிறதோ அப்போது ஈரல் தேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மா அதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டாள். மாத்திரைப் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டாள். ஊருக்கு அனுப்பச் சொன்ன அதே அத்தைதான். தன் சுருக்குப்பைக்குள் மாத்திரையை வைத்துக்கொண்டு, நான் விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியிலும் பார்ப்பாள். ஜெயிலில்கூட அப்படிச் சோதனை போடமாட்டார்கள்.

மாத்திரையால் பசி என்றால் பசி, அப்படி ஒரு பசி. தட்டைத் துடைத்துவிட்டு அடுத்தவர் தட்டைப் பார்ப்பேன். பத்தியம் எல்லாம் போய்விட்டதால் அப்பாவே பசாருக்குப் போய் வெங்கணை வாங்கி வந்தார், பொரித்தும் குழம்பு வைத்தும் அம்மா என் முன்னால் வைத்தாள். தின்று முடித்ததும், யாரும் கேட்காமலே, ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அத்தை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் ஒரே மூச்சில் குடித்தேன். அம்மா டம்ளரை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒன்றும் நடக்கவில்லை.

என் கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பின. கழுத்து காணாமல் போனது. கண்ணாடியில் எனக்கே அடையாளம் தெரியவில்லை, அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இருக்காதா? ஆனால் சந்தில் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஒட்டிப்போய்க் கிடந்த பால்காரர் மகள் உருண்டு திரண்டு வாசலில் நிற்பதைப் பார்த்து, இது என்ன பாலப்பா என்று ஆட்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். போலீஸ்காரர் மனைவியே தூக்குச்சட்டியோடு திரும்பி வந்தார். ஒல்லிக்குச்சியான தன் மகனையும் கூட்டி வந்திருந்தார். இவள் உங்கள் வீட்டுப் பாலையா குடிக்கிறாள் என்று கேட்டார். அப்பா பொய் பேசத் தெரியாதவர், மருந்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். அத்தை முந்திக்கொண்டாள். "நம்ம மாட்டுப் பால்தான். வேற என்ன குடுப்போம்?" என்றாள். அந்த மாதமே அப்பா இன்னொரு கேன் வாங்கினார்.

ஒவ்வொரு காலையிலும் வியாபாரம் முடிந்ததும் அம்மா என்னைப் பின்சந்துக்கு இழுத்துப் போவாள். வெயிலில் என் கையைத் திருப்பிப் பார்ப்பாள். எத்தனையோ காலை அப்படியே கையை விட்டுவிடுவாள். சில நாள் குறைந்த மாதிரி இருக்கும், மறுநாள் அப்படி இருக்காது.  கேட்காவிட்டால் வேறு மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

தை பிறந்து சில நாள் கழித்து ஒரு காலை. நல்ல வெயில். அம்மா என் முழங்கையைப் பார்த்தாள். பாவாடையைத் தூக்கி முழங்காலைப் பார்த்தாள். என் மோவாயைப் பிடித்து உதட்டோரத்தைப் பார்த்தாள். திரும்பவும் முழங்கைக்கு வந்தாள். மஞ்சள் துளிகூட இல்லை. ஓரம் கத்தரித்த மாதிரி, பளிச்சென்று, பழைய வெள்ளை.

மில்காரர் மனைவி பின்வாசலில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி, அன்றைக்கு எங்கள் பால்கோவாவைச் சாப்பிட்டு வாழ்த்தியவர். கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடப் பாவமே, போன வெள்ளையெல்லாம் திரும்ப வந்துருச்சே" என்றார்.

"ஆமாக்கா, வந்துருச்சு" என்றாள் அம்மா. "எல்லாம் வந்துருச்சு. ஒரு எடம் விடாம வந்துருச்சு. பாருங்க, எவ்ளோ வெள்ளைன்னு பாருங்க."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உள்ளே இருந்த அத்தையையும் அப்பாவையும் பேர் சொல்லாத குறையாகக் கத்திக் கூப்பிட்டாள். மில்காரர் மனைவி ஓரடி பின்வாங்கினார். மகளைப் பார்த்துப் பார்த்துப் பெற்றவளுக்கே மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார். அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. என் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்து வெயிலுக்கு நேராக உயர்த்தி, அந்த வெள்ளையில் முத்தம் கொடுத்தாள்.